நோய்க்குப் பால் உண்டா? 1918 குறித்துச் சில குறிப்புகள்

2020-ல் பல நாடுகளின் புள்ளிவிவரங்கள் கொரோனாவில் பெண்களைவிட ஆண்களே அதிகம் இறந்ததைக் காட்டின. உடனே ஒரு விளக்கமும் வந்தது: பெண்ணுடல் இயற்கையிலேயே வலுவானதாம். அதுநாள்வரை பெண்ணை 'மெல்லியல்' என்று கட்டமைத்து வந்த சொல்லாடல் ஒரே ராத்திரியில் தலைகீழானதைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது.

உயிரியலை மறுப்பது என் நோக்கமல்ல. வைரஸின் ஆர்.என்.ஏ.வை இனங்கண்டு உடலை உஷார்ப்படுத்தும் டி.எல்.ஆர்.7 என்ற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. வழக்கமாக ஒன்று அடங்கிக் கிடக்கும். ஆனால் சில நோயெதிர்ப்பு செல்களில் இந்த மரபணு இரண்டிலிருந்துமே வேலை செய்கிறது. அது பழுதாகியிருந்த இளைஞர்கள் சிலரைக் கொரோனா கடுமையாகத் தாக்கியதை 2020-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டார்கள். மறுபக்கம், கர்ப்பிணிக்கு இன்ஃப்ளுயன்ஸா கூடுதல் ஆபத்து. ஆக, உயிரியலே ஒற்றைக் குரலில் பேசுவதில்லை.

சரி, 1918-க்கு வருவோம். அந்த ஆண்டின் இன்ஃப்ளுயன்ஸா அமெரிக்காவில் ஆண்களை அதிகம் கொன்றது, இந்தியாவில் பெண்களை. குரோமோசோம்கள் கடல் தாண்டி மாறிவிடவில்லை. அமெரிக்க ஆண்களிடையே காசநோய் அதிகமிருந்தது ஒரு காரணம் என்பார்கள். இங்கே? பருவமழை பொய்த்து, தானிய விலை ஏறிக் கிடந்த ஆண்டு அது. ஒரு கோடிக்கும் மேல் செத்தார்கள். இந்திக் கவிஞர் நிராலா தம் மனைவியைப் பறிகொடுத்தது அந்தக் காய்ச்சலில்தான். 1911-ல் ஆயிரம் ஆண்களுக்கு 964 ஆக இருந்த பெண்கள் 1921-ல் 955 ஆனார்கள். அத்தனையும் காய்ச்சலின் கணக்கல்ல. அதற்கும் அதில் பங்குண்டு.

மார்ட்டன் தலைமையில் எடுக்கப்பட்ட 1921 குடிக்கணக்கின் அறிக்கை ஒரு காரணம் சொல்கிறது: வீட்டு வேலைகளோடு, தாங்களே நோயுற்ற நிலையிலும் மற்றவர்களைப் பராமரிக்கும் பொறுப்பு பெண்கள்மீது விழுந்தது. காலனி அதிகாரி இதைப் பார்த்துவிட்டார். அந்தப் பொறுப்பை அவர்கள்மீது போட்டது யார் என்பதை மட்டும் கேட்கவில்லை. மழைபோல அதுவும் தானாக விழுந்ததாக நமக்குத் தோன்றிவிடுகிறது.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் எல்லோரும் காய்ச்சலில் படுத்தபோது, அம்மா மட்டும் எழுந்து கஞ்சி வைத்தாள். அவளுக்கும் உடம்பு கொதித்தது. "அவளுக்கு ஒண்ணும் ஆகாது, உரமான உடம்பு" என்றார் அப்பா. பெண்ணுடல் வலுவானது என்று இன்று விஞ்ஞானத்தின் பேரால் சொல்லும்போது எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது. அடுத்த தொற்றிலும் அடுப்பை அவளிடமே விடுவதற்கு இந்தப் பாராட்டு பயன்படாதா?