முகப்பு இலச்சினையும் அரைப்பேரும்

நூலின் முகப்பில் எவருடைய பெயர் இடம்பெறுதல் வேண்டும் என்னும் வினா தமிழில் பழமை வாய்ந்தது. நன்னூலார் சிறப்புப் பாயிரத்துக்குரியனவாகக் கூறும் எட்டனுள் முதலாவது ஆக்கியோன் பெயராகும். அந்நூலின் சிறப்புப் பாயிரமே, ஆக்கிய பவணந்தியையும் ஆக்குவித்த சீயகங்கனையும் ஒருங்கே குறிப்பிடுகின்றது. நிலவுடைமைச் சமுதாயத்திற் புரவலன் தன் பெயரை நூலிற் பொறித்துக் கொண்டானெனினும், புலவனின் பெயரை அழித்துவிடவில்லை. முதலாளித்துவ உற்பத்தியிலோ ஆக்குவித்தோன் பெயர் ஆக்கியோன் பெயரின் இடத்தையே தனதாக்கிக் கொண்டது. ஆய்வாளர் கவனத்தை அதிகம் ஈர்த்திராத ஒரு சிறு பொருளை, அதாவது வீடியோ விளையாட்டின் தொடக்கத்தில் அசைந்து தோன்றும் நிறுவன இலச்சினையை, முன்னிறுத்தி இம்மாற்றத்தை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வை டிக்கோயாவிலிருந்து தொடங்குதல் விந்தையாகத் தோன்றலாம். டிக்கோயாத் தோட்டங்களின் லயன்களிலும் இன்று இளைஞர் கைத்தொலைபேசியில் விளையாடுகின்றனர். ஒவ்வொரு விளையாட்டுக்கு முன்னரும் ஏதோவொரு கம்பனியின் இலச்சினை ஒளிர்ந்து மறைகின்றது. ஆயின் உழைப்பின்மீது உடைமையாளன் பெயர் பொறிக்கப்படும் வழக்கம் அவ்விளைஞரின் குடும்பங்களுக்குப் புதியதன்று. 1869இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பிச் செய்கையை அழித்தபின், இம்மலைச் சரிவுகள் தேயிலைக்கு மாறின. 1884இல் ஹட்டனை அடைந்த புகையிரதப் பாதை தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்துக்கு இறக்கிச் சென்றது. பெட்டியின்மீது தோட்டத்தின் பெயரும், தரத்தைக் குறிக்கும் எழுத்துகளும், நிறையும் காணப்பட்டன. 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டனின் விளம்பரங்களிற் கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவமும் இடம்பெற்றது. உருவம் இருந்தது, பெயர் இருக்கவில்லை.

தோட்ட வழக்கிற் ‘பேர்’ என்னும் சொல் பெற்றுள்ள பொருள் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. ஒரு நாள் வேலை பதியப்படுதலே ‘பேர்’ எனப்படுகின்றது. குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தவருக்கு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மனிதரைச் சுட்டவேண்டிய சொல் கூலியின் அளவையாகிவிட்டது. உற்பத்தி உறவுகள் மொழியின் பொருளையே எவ்வாறு மாற்றியமைக்கின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அசையும் இலச்சினையை மலையக மக்கள் முதலிற் சந்தித்தது திரைப்படத்திலேயே. ஜெமினி ஸ்ரூடியோவின் இரட்டைச் சிறுவர் ஊதுகுழல் ஊதும் காட்சி, கதை தொடங்குமுன்னரே எஸ். எஸ். வாசனின் மூலதனத்தை அறிவித்தது. 1948இல் வெளிவந்த ‘சந்திரலேகா’வின் கதை தனியொருவர் பெயரிலன்றி ஜெமினியின் கதை இலாகாவின் பெயரில் அறிவிக்கப்பட்டது. எழுத்தாளர் ஓர் இலாகாவாயினர். அதே 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. இவ்விரு நிகழ்ச்சிகளும் காரண காரியத் தொடர்புடையன அல்ல. எனினும், பெயரற்றோராக்கப்பட்ட மக்கள், ஆக்கியோர் பெயர் மங்கிய ஒரு கலையின் முன் அமர்ந்திருந்தனர் என்பதை வரலாற்று மாணவன் குறித்துக்கொள்ளல் வேண்டும். திரைக்குப் பின்னாலுள்ள அவ்வுலகை, 1952 முதல் 1966 வரை ஜெமினியிற் பணியாற்றிய அசோகமித்திரன் ‘கரைந்த நிழல்கள்’ நாவலிற் பதிவு செய்தார். இலச்சினை மறைத்ததை இலக்கியம் வெளிக்கொணர்ந்தது எனலாம்.

இலச்சினைகளிடையே முரண்பாடுகளும் இருந்தன. 1937ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்காக வேரா முகினா வடித்த தொழிலாளியும் கூட்டுப்பண்ணைப் பெண்ணும் சுத்தியலையும் அரிவாளையும் உயர்த்திப் பிடிக்கும் சிற்பம், 1947 முதல் சோவியத்தின் மொஸ்ஃபில்ம் நிறுவனத்தின் சின்னமாயிற்று. பம்பாயில் மெஹபூப் கான் சுத்தியலையும் அரிவாளையும் தம் நிறுவனச் சின்னத்திற் சேர்த்தார். ஆனால் அதனுடன் ஒலித்ததோ விதியின் வலிமையைக் கூறும் உருதுக் கவிதையடி. கண்டிப் பகுதியிற் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன் தாமே தயாரித்து இயக்கிய ‘நாடோடி மன்னன்’ 1958இல் வெளிவந்தபோது, அவரது எம்ஜியார் பிக்சர்ஸ் நிறுவனச் சின்னத்தில் ஓர் ஆணும் பெண்ணும் தி.மு.க. கொடியை ஏந்தி நின்றனர். மொஸ்ஃபில்ம் சின்னத்தில் உழைப்பின் கருவி இருந்த இடத்தில் இங்கு கட்சிக் கொடி இருந்தது. வர்க்கம் விட்டுச் சென்ற இடத்தை இயக்கம் நிரப்பிக் கொண்டது. ஆயினும் வாக்குரிமை இழந்திருந்த மக்களுக்கு அக்கொடி ஓர் ஆறுதலாயிருந்திருக்கும் என்பதை நாம் ஏளனம் செய்வதற்கில்லை.

வீடியோ விளையாட்டுத் தொழிலில் இம்முரண்பாடு மேலும் கூர்மையடைந்தது. 1972இல் தொடங்கப்பட்டு 1976இல் வார்னர் கம்பனிக்கு விற்கப்பட்ட அட்டாரி நிறுவனம், விளையாட்டுகளை ஆக்கியோரின் பெயரை வெளியிட மறுத்தது. பெரும்பாலும் ஒருவரே ஒரு விளையாட்டை முழுமையாக ஆக்கிய காலமது. ‘அட்வென்ச்சர்’ என்னும் விளையாட்டை ஆக்கிய வாரன் ராபினெட், ஒரு சிறு புள்ளியைக் கண்டெடுத்தவர் மட்டுமே நுழையக்கூடிய இரகசிய அறையொன்றை அதனுள் அமைத்து, அங்கே தம் பெயரை எழுதி வைத்தார். நிறுவனம் அதனை அறிந்தபோது அவர் வேலையை விட்டு விலகியிருந்தார். பாயிரத்தில் முதலிடம் பெற்ற ஆக்கியோன் பெயர், ஈண்டுக் கள்ளத்தனமாக ஒளித்துவைக்கப்பட வேண்டிய பொருளாயிற்று.

1979இல் அட்டாரியிலிருந்து வெளியேறிய நால்வர் அக்டிவிசன் நிறுவனத்தின் உருவாக்கத்திற் பங்கேற்றனர். அது ஆக்கியோர் பெயரை விளையாட்டுப் பெட்டியிலேயே அச்சிட்டது. மறுபுறம், இலச்சினை வெறும் அலங்காரமாயிராமற் பூட்டாகவும் மாறியது. 1989இல் நின்டென்டோ வெளியிட்ட கேம் போய் கருவியை இயக்கியதும் நிறுவனத்தின் பெயர் திரையின் மேலிருந்து மெல்ல இறங்கி வரும். விளையாட்டு அடங்கிய பேழையில் அதே இலச்சினை பிசகின்றிப் பதிந்துள்ளதா என்று கருவி ஒப்புநோக்கும். பிசகியிருந்தால் இயங்காது நின்றுவிடும். அனுமதியின்றி விளையாட்டுத் தயாரிப்பவர் பிறர் வணிகக் குறியைத் திருடியவராகவும் ஆகவேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் உட்கிடை. இத்தகைய உத்தியைக் கையாண்ட சேகா நிறுவனத்துக்கு எதிராக, 1992இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் அக்கலேட் நிறுவனத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இலச்சினை என்பது உடைமையின் வாயிற்காவல் என்னும் உண்மை இவ்வழக்கில் வெளிப்படையாயிற்று.

கூட்டு உழைப்பால் உருவாகும் ஆக்கத்துக்குத் தனியொருவர் பெயரைச் சூட்டுவது தனிமனிதவாதமாகாதா என்று வினவலாம். வினா நியாயமானதே. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து ஆக்கும் இன்றைய விளையாட்டுக்கு ராபினெட்டின் இரகசிய அறை போதாது. அக்டிவிசனின் வரலாறே இதனை உணர்த்துகின்றது. பெயருக்காகப் பிறந்த அந்நிறுவனம் காலப்போக்கில் மாபெரும் கம்பனியாகி, 2023 ஒக்டோபரில் மைக்ரோசொஃப்டின் உடைமையாயிற்று. அடுத்த சனவரியில் மைக்ரோசொஃப்டின் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரின் வேலை நீக்கம் அறிவிக்கப்பட்டது. தனிமனிதர் சிலரின் பெயரை முகப்பில் எழுதியமை உற்பத்தி உறவை மாற்றிவிடவில்லை. இதற்கு மாறான பாதையை அந்நிறுவனத்தைச் சேர்ந்த ராவன் சொஃப்ட்வெயரின் சோதனைப் பிரிவுத் தொழிலாளர் காட்டினர்; 2022 மே மாதத்தில் அவர்கள் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தனர்.

இப்பாதை மலையகத்துக்குத் தெரியாததன்று. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்திற் சுட்டுக் கொல்லப்பட்ட கோவிந்தனின் பெயரை வரலாறு அறிந்திருப்பது, எந்தப் பெட்டியின்மீதும் அது பொறிக்கப்பட்டமையால் அன்று, தொழிலாளர் திரண்டமையால். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. பெட்டியின்மீது பெயர்கள் மாறின, அரைப்பேர் மாறவில்லை. டிக்கோயா இளைஞனின் கைத்தொலைபேசியில் ஒளிரும் இலச்சினைக்குப் பின்னாலும், அவனுடைய தாயின் கொழுந்துக் கூடைக்கு அப்பாலும் இருப்பது ஒரே வினாவாகும். ஆக்கியோர் தம் முழுப்பேரைப் பெறுவது எப்போது? அதற்கு விடை காணவேண்டிய இடம் இலச்சினையன்று. அதனை ஏந்தி நிற்கும் உற்பத்தி உறவேயாகும்.