பரத்தமையும் சட்டமும்: ஊவா மலைநாட்டை முன்னிறுத்தி ஒரு வரலாற்று நோக்கு

பரத்தமைத் தொழிலை அரசு சட்டத்தால் ஏற்று, அதில் ஈடுபடும் பெண்டிரைப் பதிவு செய்து, மருத்துவக் கண்காணிப்பின் கீழ் வைத்தல் தகுமா என்னும் வினா அண்மைக் காலத்தில் பல நாடுகளில் எழுந்துள்ளது. நம் நாட்டில் இவ்வினாவை எடுத்துப் பேசுவோர், அஃது இன்று மேனாட்டிலிருந்து வந்திறங்கிய புதுக் கருத்து என்று எண்ணியே பேசுகின்றனர். ஏற்போர் எண்ணமும் அதுவே. மறுப்போர் எண்ணமும் அதுவே. உண்மை அஃதன்று. இலங்கை இம்முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கைக்கொண்டு, சில ஆண்டுகள் நடத்திப் பார்த்து, கைவிட்ட நாடாகும். அவ்வரலாற்றை அறியாது இவ்வினாவுக்கு விடை கூறப் புகுவது, ஏட்டைப் புரட்டாமல் கணக்கை முடிப்பது போலாகும்.

ஒழுங்குபடுத்துதல் என்னும் எண்ணம் ஆங்கிலேயர்க்கே உரியதும் அன்று. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் கணிகையர்க்கென ஓர் அதிகாரியையே நியமித்துள்ளது. அரசின் கணிகைக்கு ஆண்டு ஊதியம் உண்டு. தனித்து வாழும் விலைமகள், இரண்டு நாள் வருவாய்க்கு ஈடான தொகையை மாதந்தோறும் அரசுக்கு இறுத்தல் வேண்டும். எனினும் அந்நூல் ஒன்றை மறக்கவில்லை: கணிகையை அவள் விருப்பத்திற்கு மாறாக வருத்தும் ஆடவனுக்கும், பேசிய பொருளைக் கொடாது ஏய்ப்பவனுக்கும் தண்டம் விதித்துள்ளது. தமிழ் நூல்களுள் வள்ளுவர் வரைவின் மகளிரைப் பற்றித் தனி அதிகாரமே வகுத்தார். அவர் நாடியது ஆடவனைத் திருத்துவது. அரசு இதில் யாது செய்தல் வேண்டும் என்பது ஆண்டு ஆராயப்படவில்லை. சாத்தனாரோ கணிகையர் குலத்தில் வந்த மணிமேகலையின் கையில் அமுதசுரபியைக் கொடுத்து, அவளைக் காப்பிய நாயகியாக்கினார்.

இனி ஆங்கிலேயர் காலத்திற்கு வருவோம். பிரித்தானியப் பாராளுமன்றம் 1864, 1866, 1869 ஆகிய ஆண்டுகளில் தொற்றுநோய்ச் சட்டங்களை இயற்றியது. அவற்றின் நோக்கம் பெண்டிரின் நலம் அன்று. படைவீரரும் கப்பற்படையினரும் மேகநோயால் படுக்கையில் விழாதிருத்தலே. படைத்தளம் அமைந்த ஊர்களில் பரத்தை என்று ஐயுறப்பட்ட பெண்ணைப் பொலிஸார் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தலாம். நோய் இருப்பின் மாதக் கணக்கில் மருத்துவமனையில் அடைத்து வைக்கலாம். படைவீரரையும் இவ்வாறு சோதிக்கும் வழக்கம் முன்பு இருந்தது. அது அவர்தம் மானத்திற்கு இழுக்கு என்று 1859 இல் விடப்பட்டது. வீரனுக்கு மானம் உண்டு; பெண்ணுக்கு அஃது இல்லை என்பதே அச்சட்டத்தின் துணிபு.

இலங்கையில் 1867 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கத் தொற்றுநோய்க் கட்டளைச் சட்டம் இதே முறையைப் புகுத்தியது. அடுத்த ஆண்டில் இந்தியாவிலும் அவ்வாறே ஒரு சட்டம் பிறந்தது. பெண்டிர் பதிவு செய்யப்பட்டனர், சோதிக்கப்பட்டனர், அடைக்கப்பட்டனர். இதனால் நோய் குறைந்ததா? குறைந்திருத்தல் இயலாது என்பதை மருத்துவ வரலாறே காட்டும். வெட்டை நோயின் கிருமியை நைசர் கண்டறிந்தது 1879 இல். கிரந்திப் புண்ணைக் குருதிச் சோதனையால் அறியும் வாசர்மன் முறை தோன்றியது 1906 இல். அந்நோய்க்கு முதல் தக்க மருந்தாகிய சல்வர்சான் விற்பனைக்கு வந்தது 1910 இல். பெனிசிலின் வந்ததோ 1940களில். எனவே 1867 ஆம் ஆண்டின் மருத்துவன் கண்ணால் மட்டும் பார்த்து, பாதரசத்தைக் கொடுத்து, குணமாயிற்று என்று சான்று எழுதினான். பெண்ணைச் சோதித்து ஆடவனைச் சோதியாது விடுவது, இரண்டு ஓட்டையுள்ள குடத்தில் ஒன்றை மட்டும் அடைத்து நீர் மொள்வதாகும்.

இங்கிலாந்தில் ஜோசபின் பட்லர் அம்மையார் 1869 முதல் இச்சட்டங்களை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார். நற்குடிப் பெண் வாயெடுத்துப் பேசத் தகாதது என்று அக்காலத்தார் கருதிய பொருளை மேடையேறிப் பேசிய துணிவு அவருடையது. 1886 இல் அச்சட்டங்கள் நீக்கப்பட்டன. அதே ஆண்டில், இந்தியாவிலுள்ள படைகளுக்குப் போதிய எண்ணிக்கையில் அழகிய பெண்டிரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்னும் பொருள்பட ஒரு படைத்துறைச் சுற்றறிக்கை விடுக்கப்பட்டிருந்தது. அது 1888 இல் வெளியே தெரிந்தபோது இங்கிலாந்தே நாணிற்று. அவ்வாண்டு ஜூன் மாதம் இந்தியாவிலும் கட்டாயச் சோதனை ஒழிய வேண்டும் என்று மக்களவை தீர்மானித்தது. குடியேற்ற நாடுகளிலும் இம்முறை கைவிடப்பட்டது. இலங்கையில் 1889 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க விபசார விடுதிகள் கட்டளைச் சட்டம், விடுதி நடத்துவோரையும் அதற்கு இடங்கொடுப்போரையும் குற்றவாளிகள் ஆக்கியது. ஆக, ஒழுங்குபடுத்தல் என்னும் முறை நம் நாட்டில் வாழ்ந்தது ஏறத்தாழ இருபது ஆண்டுகளே.

இவையெல்லாம் நகரத்துச் செய்திகள். பதுளைக்கும் பசறைக்கும், அப்புத்தளைக்கும் மடுல்சீமைக்கும் இவற்றால் ஆவதென்ன என்று வாசகர் வினவலாம். ஊவாவில் கோப்பித் தோட்டங்கள் எழுந்த காலத்தில் இங்கே 1867 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு வேலை இருக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னரே பிறந்த இரண்டு சட்டங்களுக்கு வேலை நிரம்ப இருந்தது. 1841 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். பொது வழியில் திரிந்து தகாத முறையில் நடக்கும் பரத்தையைச் 'சோம்பித் திரியும் ஒழுங்கற்றவள்' என வகுத்து, 14 நாள் வரை சிறையிடலாம் என்று அது கூறியது. அதே ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், வேலையாட்கள், தொழிலாளர் ஆகியோரின் ஒப்பந்தம் பற்றியது. ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுப் போகும் கூலியாளைச் சிறைக்கு அனுப்ப அது வழி செய்தது. பின்னர் 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டமாக அது விரிந்தது.

நான்காம் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் அடுத்தடுத்துப் பிறந்தவை. இவ்வளவு பொருள் பொதிந்த அடுத்தடுத்த எண்களை நம் சட்டத் தொகுதியில் வேறெங்கும் யான் கண்டதில்லை. ஒன்று சாலையில் நடக்கும் பெண்ணை ஐயுறுகிறது. மற்றொன்று தோட்டத்தை விட்டுச் சாலைக்கு வரும் தொழிலாளியைக் குற்றவாளியாக்குகிறது. தோட்டத்தைத் துறந்து பதுளை வீதியில் நிற்கும் ஒரு தமிழ்ப் பெண், இரண்டு சட்டங்களின் நிழலிலும் ஒருங்கே நின்றாள்.

அவள் தோட்டத்தின் உள்ளே வாழ்ந்த வாழ்வு எத்தகையது? கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் பெரும்பாலும் ஆடவர். பருவத்துக்கு வந்து பருவம் முடியத் திரும்பினர். தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. அதைப் பறிக்கப் பெண் கைகள் வேண்டியிருந்தன. எனவே குடும்பங்கள் வந்து லயங்களில் தங்கின. பெயரைப் பதிந்தவர் கணக்கப்பிள்ளை. பிரட்டுக்களத்தில் வேலையைப் பிரித்தவர் கங்காணி. கடனைச் சுமத்தியவரும் பெரும்பாலும் கங்காணியே. மனைவியின் சம்பளத்தைக் கணவன் கையில் கொடுப்பது பல தோட்டங்களில் நெடுங்கால வழக்கமாயிருந்தது. 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தை அடுத்து, மலைநாட்டில் ஆடவனுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் வகுக்கப்பட்டன. நாட்கூலி இருபாலார்க்கும் சமமானது 1984 இலேதான்.

தாலி கட்டி, ஊரார் முன் நடந்த திருமணங்கள் பல பதிவேட்டில் ஏறவில்லை. அதனால் விளைந்த கேட்டினை 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் வந்தபோது மக்கள் உணர்ந்தனர். மனைவி மக்களின் உரிமை கணவனோடு பிணைக்கப்பட்டிருக்க, மனைவி என்பதற்கே எழுத்துச் சான்று தேட வேண்டியதாயிற்று. வழக்கத்தால் மனைவியானவளை எழுத்து வைப்பாட்டி ஆக்கிற்று.

துரைமார் தோட்டப் பெண்டிரோடு கொண்ட தொடர்பையும் ஈண்டுக் கூறாது விடுதல் நேர்மையாகாது. மணமாகாத இளந்துரைகள் பெண் ஒருத்தியைப் பங்களாவில் வைத்திருப்பதும், மேனாட்டு மனைவி வரும்போது அவளை அனுப்பிவிடுவதும் மலைநாட்டில் யாவரும் அறிந்தவை. 1909 இல் குடியேற்ற நாட்டு அமைச்சர் குரூ பிரபு, நாட்டுப் பெண்டிரோடு இவ்வகைத் தொடர்பு கொள்ளும் அலுவலரைக் கண்டித்து ஒரு சுற்றறிக்கை விடுத்தார். அஃது அரசாங்க அலுவலரைப் பற்றியது. தோட்டத் துரைக்கு அதனால் தீங்கொன்றும் நேரவில்லை. தந்தையரால் கைவிடப்பட்ட இத்தகைய பிள்ளைகளுக்கு நுவரெலியாவில் பெயின்ரர் குடும்பத்தார் ஓர் இல்லம் நடத்தினர். அத்தாய்மாரைப் பரத்தையர் என்று கூறுதல் பெரும் பிழை. வேலை தருபவனே, வீடு தருபவனே, தண்டிப்பவனே அழைக்கும்போது 'மாட்டேன்' என்னும் சொல்லுக்கு என்ன விலை இருந்திருக்கும்? விருப்பம் என்ற சொல்லை வைத்து வாதிடும் இருதரப்பினரும் இவ்விடத்தில் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும்.

பதிவுச் சீட்டு பெண்ணைக் காக்கும் என்பாரின் வாதமும் இவ்விடத்தில் ஆராயத் தக்கது. சீட்டு என்றதும் மலைநாட்டார்க்கு நினைவில் எழுவது 'துண்டு'. இன்ன தொகையைச் செலுத்தினால் இக்கங்காணியையும் இவர்தம் ஆட்களையும் விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த தாளே துண்டு. பார்வைக்கு அது விடுதலைப் பத்திரம். நடைமுறையில் அதுவே கடனை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு விற்கும் கருவியாயிற்று. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஆளின் தலைமேல் கடன் ஏறிற்று. விடுதிகளிலும் முன்பணமே விலங்கு என்பதை அறிந்தோர் அறிவர். உரிமம் பெறுபவள் அப்பெண்ணா, அவளுக்கு முன்பணம் கொடுத்தவனா? கங்காணி முறையை அனுபவித்த ஒரு சமுதாயம் இவ்வினாவைக் கேளாமல் ஒழுங்குபடுத்தலை ஏற்றல் இயலாது.

தமிழ்நாட்டில் இதே வினா வேறு வடிவில் எழுந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்டமன்றத்தில் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். சத்தியமூர்த்தி முதலானோர் எதிர்த்தனர். கோயிலுக்குப் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சென்னைச் சட்டம் 1947 இல் நிறைவேறியது. அவ்வழக்கத்திலிருந்து வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், 1936 இல் 'தாசிகள் மோசவலை' என்னும் புதினத்தை எழுதி அதனைச் சாடினார். எனினும் ஒழிப்பின் பயனாகக் கலையையும் கோயில் மானியத்தையும் ஒருங்கே இழந்த பெண்டிர் பலர். மாற்று வாழ்வு அமைக்காது தடை மட்டும் செய்தால் துன்பம் யார் தலையில் விழும் என்பதற்கு அஃதும் ஒரு சான்று.

இன்றைய உலகில் நாடுகள் பல வழிகளில் சென்றுள்ளன. 1999 இல் சுவீடன் விற்பவளை விடுத்து வாங்குபவனைத் தண்டித்தது. ஜெர்மனி 2002 இல் இத்தொழிலைச் சட்டத்திற்குள் கொணர்ந்தது. 2003 இல் நியூசிலாந்து இதனைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. தண்டனைக்கு அஞ்சும் பெண் மருத்துவரிடம் செல்லாள், கொடுமை நேர்ந்தாலும் பொலிஸாரிடம் முறையிடாள் என்று நியூசிலாந்தார் கூறும் காரணம் வலியுடையது. அதனை மறுக்க என்னால் இயலவில்லை. பரத்தமை தன்னளவில் இலங்கையில் குற்றமாக வகுக்கப்படவில்லை; வீதியில் அழைத்தலும் விடுதி நடத்துதலுமே குற்றம். ஆயினும் விடுதியில் பிடிபடும் பெண் நடத்துவதற்கு உதவியவள் என்றும், வீதியில் நிற்பவள் அலைந்து திரிபவள் என்றும் நீதிமன்றத்திற்குக் கொண்டு செல்லப்பட்டாள். உடன் இருந்த ஆடவன் பெரும்பாலும் வீட்டிற்குச் சென்றான்.

என் கருத்து இது: அரசு இத்தொழிலுக்கு உரிமம் வழங்குதல் கூடாது, அது துண்டு முறையை வேறு பெயரால் மீட்பதாகும். ஆனால் பெண்ணைக் குற்றவாளியாக்குதலும் கூடாது. 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஆட்கடத்தலைத் தண்டனைச் சட்டக்கோவையில் தனிக் குற்றமாக்கியது. தண்டிக்க வேண்டியோர் அப்பிரிவில் அடங்குவோரே. நகரத்து வீட்டு வேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் இன்று தோட்டங்களிலிருந்து செல்லும் நம் பெண்பிள்ளைகளை இடைத்தரகன் கையிலிருந்து காப்பது, தம் கையில் வரும் சம்பளமும், தம் பெயரில் உள்ள திருமணப் பதிவும், இடைநில்லாக் கல்வியுமே.

அடுத்தடுத்துப் பிறந்த அவ்விரு சட்டங்களின் பிற்காலத்தையும் இங்குக் குறித்தல் தகும். ஐந்தாம் இலக்கத்தின் வழிவந்த சிறைத் தண்டனைகளை எதிர்த்துச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் போராடினார். அதன் பொருட்டு 1919 இல் தொழிலாளர் நல உரிமைச் சங்கத்தையும் நிறுவினார். இந்திய அரசின் அழுத்தமும் சேர்ந்தது. 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தால் துண்டு ஒழிந்தது. தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பிய விதிகளும் 1920களின் தொடக்கத்தில் மறைந்தன. நான்காம் இலக்கத்திற்கு அத்தகைய ஓர் அருணாசலம் வாய்க்கவில்லை. அது விக்டோரியா அரசியின் காலத்தைக் கடந்து, 1948 ஆம் ஆண்டின் சுதந்திரத்தைக் கடந்து, 1972 ஆம் ஆண்டின் குடியரசையும் கடந்து, இருபத்தோராம் நூற்றாண்டினுள்ளும் நடந்து வந்தது.