குண்டு எட்டிய தூரம்: காற்றுத்தடை ஆய்வு வரலாற்றில் கடலூர்

காற்றின் ஊடே நகரும் பொருள் தன் முன்னுள்ள காற்றை ஒதுக்கித் தள்ளியபடியே செல்கிறது. ஒதுக்கப்படும் காற்று செலுத்தும் எதிர்விசையே காற்றுத்தடை. பொருளின் முகப்பரப்பு, வடிவம், காற்றின் அடர்த்தி ஆகியவற்றுடன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பவும் அது கூடும். விழும் பொருளின் வேகம் ஏற ஏறத் தடையும் ஏறுகிறது. தடை எடைக்குச் சமமானதும் வேகம் அதற்கு மேல் கூடாது, இதுவே முற்றுத்திசைவேகம். கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், வெள்ளாற்றுக்கு அருகிலுள்ள பெண்ணாடம் போன்ற நெல் விளையும் ஊர்களில், களத்தில் தூற்றுவோர் நம்பியிருப்பது இதைத்தான். முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிச் சாய்த்தால் மணி கனத்தால் விரைந்து இறங்கிக் காலடியில் குவிகிறது. ஏறத்தாழ அதே உருவமும் மிகக் குறைந்த எடையும் கொண்ட பதர் மெல்ல இறங்குவதால், தரை தொடுமுன் காற்று அதை அப்பால் கொண்டுபோகிறது.

இதே மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் காற்றுத்தடை ஒரு முறை நில எல்லையையே வகுத்தது. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி, தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டது. அப்போது சென்னையின் ஆளுநர் எலிகு யேல். கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரையுள்ள நிலமெல்லாம் கம்பெனிக்கு என்பது விற்பனை நிபந்தனை. பல திசைகளிலும் பீரங்கி சுடப்பட்டது; கடலூர் நகரமும் சுற்றியிருந்த சிற்றூர்களும் கைமாறின. அவை பின்னாளிலும் குண்டு கிராமங்கள் என்றே வழங்கின. குண்டு விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் 45 பாகைச் சாய்வில் கிளம்பியது என்று கொண்டால், காற்றில்லா வெளியில் அது சுமார் 16 கிலோமீட்டர் சென்றிருக்கும். காற்றில் அதன் கால் பங்கு எட்டினாலே அதிகம். காற்றுத்தடை இல்லாதிருந்தால் கம்பெனியின் எல்லை பன்மடங்கு விரிந்திருக்கும் என்று சொல்வது வேடிக்கையானாலும் கணக்குப்படி சரியே.

அன்றைய பீரங்கிக் கணிதம் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. எறிபொருளின் பாதை பரவளையம் என்று 1638இல் கலிலியோ நிறுவியதையே நூல்கள் பின்பற்றின. 1687இல் நியூட்டன் தம் பிரின்சிப்பியாவில் தடையை ஆராய்ந்திருந்தும், காற்று மிக மெல்லியது, கனத்த குண்டை அது என்ன செய்துவிடும் என்ற எண்ணமே நீடித்தது. அதை அளந்து தகர்த்தவர் பெஞ்சமின் ராபின்ஸ்.

1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த ராபின்ஸ், 1742இல் பீரங்கியியலின் புதிய கோட்பாடுகள் பற்றிய நூலை வெளியிட்டார். அவர் கையாண்ட கருவி எளியது. கனத்த மரப்பலகை ஒன்று இரும்புச் சட்டத்தில் ஊசலாகத் தொங்கும். சுடப்பட்ட குண்டு அதில் புதைந்ததும் ஊசல் பின்னால் ஆடி, அடியில் கட்டிய நாடாவை இழுக்கும். இழுபட்ட நீளத்திலிருந்து குண்டின் வேகம் கிடைத்துவிடும். துப்பாக்கிக்கு 25, 75, 125 அடி தொலைவுகளில் ஊசலை மாற்றி வைத்தபோது முக்கால் அங்குல ஈயக்குண்டின் வேகம் விநாடிக்கு 1670, 1550, 1425 அடி எனக் குறைந்துகொண்டே வந்தது. இதிலிருந்து அவர் கணக்கிட்ட தடை குண்டின் எடையைப் போல் 120 மடங்கு! பரவளையக் கணக்குப்படி 17 மைல் பாய வேண்டிய அத்தகைய குண்டு அரை மைல்கூடத் தாண்டாததற்கு இதுவே காரணம்.

இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிட ஆழமானது. மெதுவான ஓட்டத்தில் இருமடி விதி பொருந்தியது. விநாடிக்கு 1100 அடியைக் கடந்ததும் தடை அவ்விதி தரும் அளவைப் போல் கிட்டத்தட்ட மும்மடங்காயிற்று. இந்த மாற்றம் ஒலியின் வேகத்தை ஒட்டியே நிகழ்கிறது என்பதையும் ராபின்ஸ் குறித்தார். சுழலும் குண்டு பக்கவாட்டில் விலகும் என்றும் காட்டினார். நூலை 1745இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து விரிவான உரை எழுதிய கணித மேதை ஆய்லர், அந்த விலகலுக்குக் குண்டின் உருவக் குறையே காரணம் என்று தள்ளிவிட்டார். ஆய்லரின் பெயருக்கு இருந்த மதிப்பு இங்கே உண்மைக்கு இடையூறானது.

1746இல் ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் ராபின்ஸுக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்ற, புனித டேவிட் கோட்டை கம்பெனியின் தலைமையிடமாயிற்று. கோட்டைகளைச் சீரமைக்கத் தலைமைப் பொறியாளராக அமர்த்தப்பட்ட ராபின்ஸ் 1750 ஜூலையில் அங்கு வந்திறங்கினார். அறுபது ஆண்டுகளுக்கு முன் குண்டு எட்டிய தூரத்தால் எல்லை பெற்ற இடத்துக்கு, அந்தத் தூரம் ஏன் குறைகிறது என்று அளந்தவரே வந்து சேர்ந்தார் எனலாம். அரண்களுக்கான திட்டங்களை வகுத்துக்கொண்டிருந்தவரைக் காய்ச்சல் வாட்டியது. 1751 ஜூலை 29 அன்று, 44 வயதில், அக்கோட்டையிலேயே இறந்தார். 1758இல் பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்து இடித்தது.

அவர் கண்ட ஒலிவேகத் தடையேற்றம் ஏவூர்தி வடிவமைப்பில் இன்றும் முதன்மைக் கணக்காக இருக்கிறது. 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்த ககன்யான் சோதனையில், ஒலியைப் போல் சுமார் 1.2 மடங்கு வேகத்தில் செல்லும்போதே வீரர் கலம் பிரித்தெடுக்கப்பட்டு, பாராசூட்டுகளால் வேகம் தணிந்து வங்கக் கடலில் இறங்கியது. சுழலும் பொருளின் விலகலோ, 1850களில் அதை ஆராய்ந்த மக்னஸின் பெயராலேயே பாடநூல்களில் வழங்குகிறது. ஆனால் ராபின்ஸ் அதை ஒரு நூற்றாண்டு முன்பே காட்டியிருந்தார்.