கூழ்மப்பிரிப்பு நோயாளிகளின் உடல் இயக்கமும் உயிர்வாழ்வும்

கூழ்மப்பிரிப்பு நோயாளிகளின் உடல் இயக்கமும் உயிர்வாழ்வும் என்பது சிறுநீரக மருத்துவத்தில் ஆராயப்படும் ஒரு பொருளாகும். சிறுநீரகங்கள் செயலிழந்த நிலையில், டயாலிசிஸ் எனப் பரவலாக அறியப்படும் கூழ்மப்பிரிப்புச் சிகிச்சையைச் சார்ந்து வாழ்வோரின் நடை, உடற்பயிற்சி, அன்றாட வேலைகள் ஆகியவற்றுக்கும் அவர்களது ஆயுளுக்கும் உள்ள தொடர்பை இது குறிக்கிறது. உடல் இயக்கம் மிகுந்த நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்வதைப் பல அவதானிப்பு ஆய்வுகள் காட்டியுள்ளன. பயிற்சியினால் நடக்கும் ஆற்றலும் தசைகளின் செயல்திறனும் மேம்படுவது சமவாய்ப்புச் சோதனைகளில் தெரிய வந்துள்ளது. எனினும், உடற்பயிற்சியே ஆயுளை நீட்டிக்கிறது என்பது அத்தகைய சோதனைகளால் இதுவரை நிறுவப்படவில்லை.

பின்னணி

செயல்முறைக்கு உகந்த முதல் கூழ்மப்பிரிப்புக் கருவியை வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் 1943 ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் காம்பென் நகரில் பயன்படுத்தினார். 1960 இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்பவர் இரத்தக் குழாய்களுடன் நிலையாக இணைக்கக்கூடிய குழாய் அமைப்பை அறிமுகப்படுத்தினார். நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் இச்சிகிச்சையைப் பெற்று வாழ்வது இதன் பின்னரே இயல்வதாயிற்று. ஆயுள் நீண்டதைத் தொடர்ந்து, அவர்களது உடல் வலிமை பற்றிய கேள்வியும் எழுந்தது. 1980களில் அமெரிக்காவில் பட்ரிசியா பெயின்டர் உள்ளிட்டோர், சிகிச்சை நடைபெறும் வேளையிலேயே நோயாளிகளுக்கு உடற்பயிற்சி அளிக்கும் முறையை ஆராய்ந்தனர்.

உடல் இயக்கம் குறைவதற்கான காரணங்கள்

மருத்துவமனையில் பெறும் இரத்தக் கூழ்மப்பிரிப்பு பொதுவாக வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடைபெறும். இந்நேரம் முழுவதும் நோயாளி படுத்தோ சாய்ந்து அமர்ந்தோ இருக்கிறார். சிகிச்சை முடிந்தபின் ஏற்படும் களைப்பால் அந்நாளின் எஞ்சிய பொழுதும் பலருக்கு ஓய்விலேயே கழிகிறது. இவை தவிர, நோயின் தன்மையாலும் உடலின் ஆற்றல் குறைகிறது. முதன்மையான காரணங்கள் பின்வருமாறு:

* இரத்தச்சோகை: சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற இயக்குநீரைச் சிறுநீரகம் சுரக்கிறது. அது குறையும்போது தசைகளுக்குச் செல்லும் ஆக்சிசன் குறைகிறது.
* தசை இழப்பு: இரத்தத்தில் அமிலத்தன்மை மிகுதல், நாட்பட்ட அழற்சி, பசியின்மை, புரதக் குறைபாடு ஆகியவற்றால் தசைகள் மெலிகின்றன.
* இதய நோய்: உயர் இரத்த அழுத்தத்தாலும் உடலில் தேங்கும் நீராலும் இதயத்தின் இடக்கீழறைச் சுவர் தடிக்கிறது.
* நரம்பு, எலும்பு பாதிப்புகள்: கால்களில் உணர்வின்மை, எலும்பு வலி, மூட்டு வலி முதலியன நடையைத் தடுக்கின்றன.
* மனச்சோர்வு: நாட்பட்ட நோயின் சுமையும் வேலை இழப்பும் ஊக்கத்தைக் குறைக்கின்றன.

உடல் இயக்கத்தை அளக்கும் கருவியைக் கொண்டு கிர்ஸ்டன் யோகன்சன் குழுவினர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 34 கூழ்மப்பிரிப்பு நோயாளிகள், உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத 80 நலமானவர்களுடன் ஒப்பிடப்பட்டனர். நோயாளிகளின் இயக்கம் அவர்களைவிடவும் குறைவாக இருந்தது. வயது கூடக்கூட இவ்வேறுபாடும் கூடியது. தசை மெலிவால் இயக்கம் குறைவதும், இயக்கம் குறைவதால் தசை மேலும் மெலிவதும் ஒரு சுழற்சியாகத் தொடர்கின்றன.

அவதானிப்பு ஆய்வுகள்

அமெரிக்க நோயாளிகளின் தரவுகளைக் கொண்டு ஆன் ஒகேர் குழுவினர் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், உடல் இயக்கமற்றவர்கள் ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு, பிற நோய்க் காரணிகளைக் கணக்கிற் கொண்ட பின்னரும், மற்றவர்களைவிட 62 விழுக்காடு மிகுந்திருந்தது.

2004 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, நடமாடக்கூடிய 175 நோயாளிகளின் உச்ச ஆக்சிசன் பயன்பாட்டை அளந்தது. இது உடலுழைப்பின்போது உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிசனின் மிகக்கூடிய அளவாகும். நிமிடத்திற்கு, ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு 17.5 மில்லிலீட்டருக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம் உயிர்வாழ்வு சிறப்பாக இருந்தது.

2010 இல் பிரான்செசுக்கா டென்டோரி குழுவினர் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வு இவற்றுள் பெரியது. 12 நாடுகளைச் சேர்ந்த 20,920 நோயாளிகளின் தரவுகள் இதில் ஆராயப்பட்டன. வாரம் ஒரு முறையேனும் உடற்பயிற்சி செய்தவர்கள் 47.4 விழுக்காட்டினர். அவர்களது இறப்பு வாய்ப்பு மற்றவர்களைவிட 27 விழுக்காடு குறைவாக இருந்தது. தூக்கம், பசி, மனநிலை ஆகியவையும் அவர்களுக்குச் சிறப்பாக இருந்தன.

காரணமா, அடையாளமா?

மேற்கண்ட ஆய்வுகள் தொடர்பை மட்டுமே காட்டுகின்றன, காரணத்தை நிறுவுவதில்லை. உடல்நிலை ஓரளவு நன்றாக உள்ளவர்களே உடற்பயிற்சி செய்கின்றனர். கடும் இதய நோயோ கால் இழப்போ உள்ளவர்களால் அது இயலாது. எனவே இயக்கமின்மை இறப்புக்குக் காரணமாக இல்லாமல், நோயின் கடுமைக்கு அடையாளமாக மட்டும் இருக்கக்கூடும். புள்ளியியல் முறைகளால் வயது, நீரிழிவு போன்ற காரணிகளைச் சரிசெய்தாலும், அளக்கப்படாத காரணிகள் எஞ்சி நிற்கும். இக்குறையை நீக்குவதற்காகவே, பயிற்சி பெறுவோரையும் பெறாதோரையும் குலுக்கல் போன்ற முறையில் பிரிக்கும் சமவாய்ப்புச் சோதனைகள் மேற்கொள்ளப்படுகின்றன.

சமவாய்ப்புச் சோதனைகள்

* 2017 இல் வெளிவந்த இத்தாலியச் சோதனையில் 296 நோயாளிகள் பங்கேற்றனர். வீட்டிலேயே செய்யும் எளிய நடைப்பயிற்சியை ஆறு மாதங்கள் மேற்கொண்டவர்கள், ஆறு நிமிடங்களில் நடக்கும் தொலைவு சராசரியாக 328 மீட்டரிலிருந்து 367 மீட்டராக உயர்ந்தது. பயிற்சி பெறாதவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.
* 2021 இல் இங்கிலாந்தின் லெசுட்டர் நகரக் குழுவினர் வெளியிட்ட சோதனையில் 130 பேர் பங்கேற்றனர். சிகிச்சையின்போது ஆறு மாதங்கள் மிதிவண்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு, ஒப்பீட்டுக் குழுவைவிட இடக்கீழறைத் தசையின் நிறை 11.1 கிராம் குறைந்திருந்தது.
* அதே ஆண்டில் வெளிவந்த மற்றொரு பிரித்தானியச் சோதனையில், சிகிச்சையின்போது செய்யும் பயிற்சி வாழ்க்கைத் தரத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் மேம்படுத்தவில்லை.
* 2023 இல் வெளிவந்த செருமானியச் சோதனை 21 மையங்களில் ஓராண்டு நடைபெற்றது. இதன் முடிவுகள் 917 நோயாளிகளிடமிருந்து பெறப்பட்டன. 60 நொடிகளில் நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் எண்ணிக்கை பயிற்சிக் குழுவில் 16.2 இலிருந்து 19.2 ஆக உயர்ந்தது; ஒப்பீட்டுக் குழுவில் 16.2 இலிருந்து 14.7 ஆகக் குறைந்தது. ஆயினும் இறப்பு விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை.

செருமானியச் சோதனையில் ஒப்பீட்டுக் குழுவின் சரிவு கவனிக்கத்தக்கது. பயிற்சி இல்லாதபோது நோயாளிகளின் நிலை அப்படியே நிற்பதில்லை, ஓராண்டிலேயே இறங்குகிறது என்பதை அது காட்டுகிறது. உதவியின்றி எழுதல், கழிவறைக்குச் செல்லல், படியேறல் ஆகியவை இவ்வலிமையைச் சார்ந்தவையாதலால், ஆயுள் நீளாவிடினும் இப்பயன் சிறியதன்று.

பயிற்சி முறைகள்

சிகிச்சையின்போது செய்யும் பயிற்சியில், கட்டிலின் கால்மாட்டில் பொருத்தப்படும் மிதிகட்டை, கால்களில் கட்டும் எடைப்பட்டை, மீள்பட்டை ஆகியவை பயன்படுகின்றன. சிகிச்சையின் பிற்பகுதியில் உடலிலிருந்து கூடுதலாக நீர் அகற்றப்பட்டிருப்பதால் இரத்த அழுத்தம் தாழக்கூடும். எனவே பயிற்சி வழக்கமாக முதல் இரண்டு மணி நேரத்திற்குள் அளிக்கப்படுகிறது. சிகிச்சை இல்லாத நாட்களில் நடைப்பயிற்சி எளிதாகும். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

பாதுகாப்பு

மருத்துவ மேற்பார்வையுடன் செய்யப்படும் மிதமான பயிற்சி பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது. பின்வரும் நிலைகளில் பயிற்சி தவிர்க்கப்படுகிறது:

* ஓய்விலும் தோன்றும் நெஞ்சுவலி, கட்டுப்படாத இதயத் துடிப்புக் கோளாறு
* மிகை இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாமை
* இரத்தத்தில் பொட்டாசியம் மிகுதல்
* உடலில் நீர் மிகுதியால் மூச்சுத் திணறல்
* காய்ச்சல், தொற்று

ஊசி செருகப்பட்டுள்ள கை சிகிச்சையின்போது அசைக்கப்படுவதில்லை. பிஸ்டுலா எனப்படும் தமனி-சிரை இணைப்பு உள்ள கையைப் பிற நேரங்களில் இயல்பாகப் பயன்படுத்தலாம். புதிதாக இணைப்பு அமைக்கப்பட்ட பின், அது முதிர்வதற்காகப் பந்தை அழுத்தும் பயிற்சி பரிந்துரைக்கப்படுவதுண்டு.

பரிந்துரைகள்

கூழ்மப்பிரிப்பு நோயாளிகள் அனைவரையும் உடல் இயக்கத்தைக் கூட்டுமாறு மருத்துவப் பணியாளர்கள் ஊக்குவிக்க வேண்டும் என அமெரிக்கத் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையின் 2005 ஆம் ஆண்டு வழிகாட்டி பரிந்துரைத்தது. நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளோர், தத்தம் உடல்நிலை இடங்கொடுக்கும் அளவில், வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடல் இயக்கம் மேற்கொள்ள வேண்டும் என்பது 2024 ஆம் ஆண்டுப் பன்னாட்டு வழிகாட்டியின் பரிந்துரையாகும்.

இவற்றையும் பார்க்க

* சிறுநீரகம்
* சிறுநீரகச் செயலிழப்பு
* சிறுநீரக மாற்றுச் சிகிச்சை
* உடற்பயிற்சி
* இரத்தச்சோகை