அலை எண்ணான வரலாறு



மனிதன் வாய் திறந்து பேசும்போது காற்றிலே ஓர் அலை எழுகின்றது. அந்த அலைக்கு இடையறவு இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கும் பள்ளத்திலிருந்து மேட்டுக்கும் அது வழுக்கிக்கொண்டே செல்கின்றது. எண்களோ ஒன்றைவிட்டொன்று விலகி நிற்பவை. தொடர்ந்தோடும் அலையைத் துண்டு துண்டான எண்களாக ஆக்குவது எங்ஙனம்? அதனை விரைவாகவும் நுட்பமாகவும் செய்வது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடியவர்களின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள். கைத்தொலைபேசியும் கணினியும் மருத்துவமனைக் கருவிகளும் இன்று இந்த விடையின் மேலேயே நிற்கின்றன.

முதலில், இம்மாற்றம் ஏன் வேண்டப்பட்டது என்பதைக் காண்போம். நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பியிலே செல்லும் குரல் வழியில் மெலிந்துவிடும். ஆங்காங்கே நிலையம் அமைத்து அதனைப் பெருக்க வேண்டும். பெருக்கும்போது குரலோடு கலந்த இரைச்சலும் பெருகும். பத்து நிலையம் கடந்தால் பத்து நிலையத்து இரைச்சலும் சேரும். இத்தொல்லைக்குத் தீர்வு கண்டவர் அலெக் றீவ்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர். பாரிஸ் நகரத்து ஆய்வுகூடமொன்றில் பணியாற்றிய அவர், 1937ஆம் ஆண்டில் ஒரு புதிய வழியைக் கருதினார். குரலை எண்ணாக்கி, அந்த எண்ணை 'துடிப்பு உண்டு', 'துடிப்பு இல்லை' என்னும் இரண்டே குறிகளால் அனுப்பினால் என்ன? இடையிலுள்ள நிலையம் துடிப்பு உண்டா இல்லையா என்பதை மட்டும் அறிந்து, புதிய துடிப்பைத் தூய்மையாக அனுப்பிவிடலாம். இரைச்சல் அங்கேயே கழிந்துபோம். 1938இல் பிரான்சிலே இதற்குக் காப்புரிமை கோரினார். 1942இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது.

அலையை எண்ணாக்குவதில் இரண்டு வேலைகள் உள. ஒன்று, குறித்த இடைவேளைகளில் அலையின் உயரத்தை மாதிரி எடுப்பது. அலையின் மிகக்கூடிய அதிர்வெண்ணுக்கு இருமடங்கினும் மிகுதியாக மாதிரி எடுத்தால், அலையை முழுமையாக மீட்டெடுக்கலாம். 1928இல் ஹரி நைக்விஸ்ட் எழுதிய கட்டுரையில் இக்கருத்துக்கு வித்து இருந்தது. 1949இல் கிளாட் ஷனன் அதனைத் தெளிவாக நிறுவினார். தொலைபேசிக் குரலுக்கு விநாடிக்கு 8,000 மாதிரிகள் என்ற கணக்கு இவ்வழி வந்ததே. மற்றொன்று, அம்மாதிரி எந்தப் படியில் நிற்கின்றது என்று அளப்பது. ஐந்து துவித இலக்கங்கள் இருப்பின் 32 படிகள். பத்து இருப்பின் 1,024 படிகள். முன்னையது வேகம், பின்னையது நுட்பம். இவை இரண்டும் ஒன்றோடொன்று இழுபறிப்படுவதே இவ்வரலாறு முழுவதும் நாம் காணும் காட்சி.

றீவ்ஸ் வகுத்த முறையிலே இழுபறி உடனே தோன்றியது. மாதிரி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நேரம் துடிப்புகளை எண்ணுவது அவர் முறை. ஐந்து இலக்கங்களுக்கு முப்பத்திரண்டு வரை எண்ணினாற் போதும். ஆயின், இலக்கம் ஒன்று கூடுந்தோறும் எண்ணும் நேரம் இரட்டிக்கின்றது.

இதற்கிடையில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1943இல் வாஷிங்டனுக்கும் இலண்டனுக்கும் இடையே இரகசியமாகப் பேசுவதற்கென அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் 'சிக்சாலி' என்னும் பொறியை அமைத்தனர். குரலின் கூறுகளை ஆறே படிகளில் அளந்து, எண்ணாக்கி, மறைத்து அனுப்பிய அப்பொறியின் ஒரு நிலையம் ஐம்பது தொன்னுக்கு மேல் நிறையுடையது. போர்க்காலம் ஆதலின் செலவைப் பாரார். அமைதிக்காலத்தில் அத்தகைய பொறியை யார் வாங்குவர்?

போர் முடிந்தபின் அதே ஆய்வுகூடத்திலே வேறொரு வழி வளர்ந்தது. இதனைத் தராசைக் கொண்டு விளக்கலாம். பொருளை ஒரு தட்டில் இட்டு, முதலில் பெரிய நிறைகல்லை மறுதட்டில் வைக்கின்றோம். கல் மிகுந்தால் எடுத்துவிடுகின்றோம். குறைந்தால் அப்படியே விட்டு, அதிற் பாதி நிறையுள்ள கல்லைச் சேர்க்கின்றோம். இப்படியே 512, 256, 128 என்று இறங்கிவந்தால், 1,024 படிகளில் ஒன்றைக் காண்பதற்குப் பத்து முறை ஒப்பிட்டாற் போதும். 1954இல் பேர்னாட் கோர்டன் என்பவர் இம்முறையில் அமைத்த 'டேற்றக்' என்னும் கருவி விற்பனைக்கு வந்தது. வெற்றிடக் குழாய்களால் இயங்கிய அக்கருவி, பதினொரு இலக்க நுட்பத்தில் விநாடிக்கு 50,000 மாதிரிகளை அளந்தது. அதன் நிறை ஏறத்தாழ 150 இறாத்தல். அது உண்ட மின்வலு 500 உவாற்று. விலையோ எண்ணாயிரம் டொலருக்கு மேல்.

இன்னும் விரைவு வேண்டியவர்கள் படிப்படியாக ஒப்பிடுவதையே விட்டொழித்தனர். 1948இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சியேர்ஸ் என்பவர் ஓர் இலத்திரன் குழாயை விவரித்தார். அதனுள்ளே துளைகள் இட்ட தகடு ஒன்று உண்டு. மாதிரியின் உயரத்துக்கேற்ப இலத்திரன் கதிர் தகட்டின் ஒரு வரிசையை அடையும். அவ்வரிசைத் துளைகளே எண்ணைத் தரும். ஆயினும் இங்கே ஓர் இடர் மறைந்திருந்தது. 15 என்பது துவித எண்ணில் 01111. 16 என்பது 10000. கதிர் இரண்டு வரிசைகளின் எல்லையில் விழுந்துவிட்டால், இரண்டும் கலந்து 11111, அதாவது 31 என்று வாசிக்கப்படும். ஒரு மயிரிழைப் பிசகு மலையளவு பிழையாயிற்று! பிராங் கிறே என்பார், அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கிடையே ஒரே ஓர் இலக்கம் மட்டும் மாறுமாறு வரிசையைத் திருத்தி அமைத்து, இவ்விடரை நீக்கினார். 1953இல் காப்புரிமை பெற்ற அம்முறை இன்றும் 'கிறே குறிமுறை' என்று அவர் பெயராலேயே வழங்குகின்றது.

திரான்சிற்றரும், அதன்பின் சிலிக்கன் சில்லும் வந்தபின் பழைய வழிகள் புதிய உருப் பெற்றன. எல்லாப் படிகளுக்கும் தனித்தனி ஒப்பீட்டுச் சுற்று வைத்து ஒரே கணத்தில் அளப்பது ஒரு வழி. எட்டு இலக்கத்துக்கு 255 சுற்றுகள் வேண்டும், ஒன்பதாம் இலக்கத்துக்கு 511 ஆகும். பல மாற்றிகளை முறைவைத்து வேலை வாங்குவது மற்றொரு வழி. 1980இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் நான்கு மாற்றிகளை இவ்வாறு இணைத்துக் காட்டினர். இவற்றுக்கு நேர்மாறாக, 1960களின் தொடக்கத்தில் தோக்கியோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இனோசேயும் யசுதாவும் ஒரே இலக்கத்தால் மிக விரைவாக அளந்து, அளவைப் பிழையைத் திரும்ப ஊட்டி, சராசரியினால் நுட்பம் பெறும் வழியைக் கண்டனர். வேகத்தை விற்று நுட்பம் வாங்கும் வாணிகம் அது. 1982இல் வெளிவந்த இசைத்தட்டு, விநாடிக்கு 44,100 மாதிரி, பதினாறு இலக்கம், 65,536 படி என்னும் அளவை உலகுக்குப் பழக்கியது.

இவ்வளவும் நிகழ்ந்தும் இழுபறி ஓயவில்லை. 1999இல் றொபேட் வால்டன் என்பவர் பல மாற்றிகளை ஒப்பிட்டு, வேகம் இரட்டிக்குந்தோறும் ஏறத்தாழ ஓர் இலக்க நுட்பம் குறைவதாகக் காட்டினார். மாதிரி எடுக்கும் கணம் சிறிதே தடுமாறினும், விரைந்தோடும் அலையில் அது பெரும் பிழையாகின்றது.

இனி, றீவ்ஸ் என்னவானார்? அவருடைய முறையில் அமைந்த தொலைபேசித் தடத்தை அமெரிக்கர் 1962இல் பொதுச் சேவைக்குக் கொணர்ந்தனர். ஒரு தடத்தில் இருபத்துநான்கு உரையாடல்கள் சென்றன. ஆனால் பதினேழு ஆண்டு வாழ்வுடைய அமெரிக்கக் காப்புரிமை 1959இலேயே முடிந்திருந்தது. மூன்று ஆண்டு முந்தி முடிந்த உரிமையினால் யாது பயன்? 1969இல் பிரித்தானியா அவர் கண்ட முறையைத் தபால் முத்திரையிலே பொறித்துச் சிறப்பித்தது. இரண்டு ஆண்டுகளின்பின் அவர் காலமானார்.

கருத்து ஒரு காலத்தில் பிறக்கின்றது. அதனைத் தாங்கும் கருவி வேறொரு காலத்தில் பிறக்கின்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், பயன் காணாமலே உழைத்தவர் பலர். நாம் இன்று தொலைவிலிருந்து பிள்ளையின் குரலை இரைச்சலின்றிக் கேட்கும்போது, அந்த உழைப்பின் பயனையே நுகர்கின்றோம் என்பதை மறவாதிருப்போமாக.