பாரதியின் 4 லட்சம் பிரதிகள்

கொல்லங்கோட்டு நண்பர் ஒருவர் தமிழில் ஒரு மிகுபுனைவு நாவலும் சில தன்னனுபவக் கட்டுரைகளும் எழுதி வைத்திருக்கிறார். பதிப்பகங்களை நாடாமல் தாமே வெளியிட்டால் மதிப்பார்களா என்று சென்ற வாரம் கேட்டார். அவருக்குச் சொன்ன மறுமொழியைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

இவ்விரு வகைகளையும் எழுதி, தம் நூல்களைத் தாமே வெளியிட முயன்ற நம் முன்னோடிகளுள் ஒருவர் பாரதியார். ‘இந்தியா’ இதழில் தொடராக வந்து 1910இல் நூலான ‘ஞானரதம்’ தமிழ் மிகுபுனைவின் தொடக்கங்களுள் ஒன்று. திருவல்லிக்கேணி வீட்டு மாடியில் படுத்திருக்கும் கதைசொல்லி, ஞானம் என்னும் தேரேறி உபசாந்தி லோகம், கந்தர்வ லோகம், சத்திய லோகம், தர்ம லோகம் எனச் சுற்றிவருகிறார். அதே 1910இல் வந்த ‘கனவு’ அவருடைய பிள்ளைக் காதலையும், பிடிக்காத ஆங்கிலக் கல்வியையும், தந்தை பொருளிழந்து நொடித்ததையும் செய்யுளில் சொல்கிறது. இன்று அதைச் ‘சுயசரிதை’ என்ற தலைப்பில் படிக்கிறோம். தன் வாழ்க்கைக்குக் ‘கனவு’ என்றும், கனவுப் பயணத்திற்கு ‘ஞானம்’ என்றும் அவர் பெயரிட்டது எண்ணத்தக்கது. இரண்டையும் அவர் வெவ்வேறு அறைகளில் வைக்கவில்லை.

1911இல் சென்னை மாகாண அரசு ‘கனவு’ நூலைத் தடைசெய்தது. ‘ஆறில் ஒரு பங்கு’ என்ற அவருடைய சிறுகதை நூலும் தடைக்கு உள்ளானது. பாரதியார் அப்போது புதுச்சேரியில் இருந்தார். அவருடைய வாசகர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு இந்தப் பக்கம், தடை செல்லுபடியாகும் மண்ணில் இருந்தனர்.

1920இல் கடையத்திலிருந்து அவர் நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள், ஆக 4 லட்சம் பிரதிகள் அச்சிடுவது திட்டம். தொடக்கச் செலவு 20,000 ரூபாய். அதற்காக நண்பர்களிடம் அவர் கேட்டது நன்கொடை இல்லை, வட்டியோடு திருப்பித் தரும் கடன். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீடுதோறும் புழங்கும் என்று அவர் நம்பினார். பணம் சேரவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில், 39 வயது நிறையுமுன் அவர் இறந்தார்.

பின்னர் அவர் எழுத்துகளின் உரிமை பல கைகள் மாறியது. செல்லம்மாள் பாரதி சில நூல்களை வெளியிட்டார். பிறகு தம்பி விஸ்வநாதன் பாரதி பிரசுராலயத்தின் வழியே வெளியிட்டார். பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை திரைப்பட அதிபர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையை ஏற்ற பிறகே அவை பொதுச்சொத்தாகும் வழி திறந்தது.

மலையாள எழுத்தாளர்கள் இதே சிக்கலை வேறு வகையில் அணுகினர். 1945இல் கோட்டயத்தில் 12 எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதலுடன் சாகித்திய பிரவர்த்தக சககரண சங்கத்தைத் தொடங்கினர். எம்.பி. பால் தலைவர், காரூர் நீலகண்ட பிள்ளை செயலாளர். நூலாசிரியருக்கு 30 விழுக்காடு உரிமைத்தொகை வழங்கினர். 1949இல் நேஷனல் புக் ஸ்டாலும் சங்கத்தின் கைக்கு வந்தபோது, அச்சிட்டதை விற்பதற்குச் சொந்தக் கடையும் கிடைத்தது. தம் புத்தகங்களைத் தாமே சுமந்துசென்று விற்ற வைக்கம் முகம்மது பஷீரை நினைத்தால், அந்தக் கடையின் அருமை விளங்கும். கொல்லங்கோட்டுப் பள்ளியில் மலையாளம் கற்பித்த மகாகவி பி. குஞ்ஞிராமன் நாயரும் தம் அலைச்சலைத் தன்வரலாற்று நூல்களாக எழுதினார்.

பாரதியாரின் கணக்கில் பிழையில்லை. எழுத்து, முதல், அச்சு, விற்பனை ஆகிய நான்கும் ஒருவர் தோளில் ஏறின, அதுவே சுமையாயிற்று. கோட்டயத்தில் எழுதுவது மட்டும் தனிவேலையாக நின்றது, மற்றவை பொதுவேலையாயின.

இன்று கிண்டில் அச்சுச் செலவை நீக்கிவிட்டது. ஆனால் பிழைதிருத்துநரும், கண்டிப்பான முதல் வாசகரும், புத்தகத்தை அடுத்தவர் கையில் கொடுப்பவரும் அந்தச் செயலிக்குள் இல்லை. கேரள எல்லையில் தமிழ் எழுதுவோருக்கு இந்தக் குறை இன்னும் பெரிது. சென்னை நமக்குத் தொலைவு, கோட்டயமோ வேறு மொழி.

ஆகவே நண்பரிடம் மூன்று சொன்னேன். தயங்காமல் தாமே வெளியிடுங்கள். பதிப்புரிமை யாருக்கு, உங்களுக்குப் பின் யாருக்கு என்பதை இப்போதே எழுதி வையுங்கள். சித்தூரிலும் மூணாறிலும் பீர்மேட்டிலும் தமிழில் எழுதுகிறவர்களைத் தேடுங்கள். ஒருவர் கைப்பிரதியை மற்றவர் திருத்துங்கள், ஐந்து பேர் நூல்களை ஒரே மேசையில் வைத்து விற்றுப் பாருங்கள். அவருடைய நாவலின் முதல் மூன்று அத்தியாயங்கள் இப்போது என்னிடம் பிழைதிருத்தத்திற்கு வந்துள்ளன. அடுத்து படிக்க முன்வருவோர் இங்கே எழுதுங்கள்.