தேடித் தந்த சின்னக் குழாய்

போன வருசம் நாங்கள் ஏழு பேர் காசு சேர்த்து, பாவித்த 8 அங்குல டொப்சோனியன் தொலைகாட்டி ஒன்றை வாங்கினோம். கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு எண்டு கேட்டவர்களும் இருக்கினம். முதலாவது இரவே விடுதிக்குப் பின்னால் உள்ள வெளியில் அதைக் கொண்டுபோய் வைத்தோம். சந்திரன் சுகமாகக் கிடைத்தது. பிறகு அந்திரொமீடாவைக் காட்டுவோம் எண்டு வெளிக்கிட்டோம். நாற்பது நிமிடம் தேடியும் கிடைக்கவில்லை. வரிசையில் நின்ற முதலாம் வருடத் தம்பி தங்கச்சிமார் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடைசியில் முகில் வந்து மூடியது.

பிழை பெரிய ஆடியில் இல்லை. அதன் முதுகில் குந்தியிருந்த சின்னக் குழாயில்தான், அதாவது ஃபைண்டரில்தான். எங்களுடைய தொலைகாட்டியின் குவியத்தூரம் 1200 மி.மீ. 25 மி.மீ. பார்வைத்துண்டைப் போட்டால் 48 மடங்கு பெருக்கும். ஆனால் ஒரே நேரத்தில் தெரிவது வானத்தில் ஏறக்குறைய 1 பாகை, இரண்டு முழுநிலவின் அகலம் மட்டும். அந்த ஓட்டைக்குள்ளால் முழு வானத்தையும் துழாவ ஏலாது. அதற்காகத்தான் குறைவாகப் பெருக்கி அகலமாகக் காட்டும் இன்னொரு குழாய். எங்களுக்குக் கிடைத்ததோ 6 மடங்கு பெருக்கும் 30 மி.மீ. குழாய். அதற்குள் மங்கலான எதுவும் தெரியாது.

அடுத்த கிழமை எங்களுக்குள் வாக்குவாதம். மிச்சக் காசுக்கு நல்ல பார்வைத்துண்டு வாங்குவமா, பெரிய ஃபைண்டர் வாங்குவமா? வரலாறு படிக்கிற ஆக்கள் எண்டபடியால் விடையையும் வரலாற்றிலேயே தேடினோம். அப்படித்தான் கரோலின் ஹேர்ஷலிடம் போய்ச் சேர்ந்தோம்.

கரோலின் 1750இல் ஜேர்மனியின் ஹனோவரில் பிறந்தவர். பத்து வயதில் வந்த காய்ச்சலால் வளர்ச்சி நின்றுவிட்டது. உயரம் 4 அடி 3 அங்குலத்தைத் தாண்டவில்லை. கலியாணம் சரிவராது எண்டு முடிவுகட்டிய வீடு, அவரைச் சமையலுக்கும் தையலுக்கும் விட்டது. இங்கிலாந்தின் பாத் நகரில் இசைக்கலைஞராக இருந்த அண்ணன் வில்லியம் 1772இல் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அதற்கும், வீட்டு வேலைக்கு வேறு ஆள் பிடிக்கத் தாய்க்கு அவர் காசு கட்ட வேண்டியிருந்தது. பாத்தில் கரோலின் பாடகியாக மேடையேறினார். 1781 மார்ச் 13ஆம் திகதி, தானே செய்த 6.2 அங்குலத் தொலைகாட்டியால் வில்லியம் யுரேனஸைக் கண்டார். மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் வருடத்துக்கு 200 பவுண் கொடுத்து அவரைத் தன் வானியலாளராக வைத்துக்கொண்டார். அண்ணன் இசையை விட்டதும் தங்கச்சியின் பாட்டும் நின்றது. அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

1782இல் டாட்செட்டுக்குக் குடிபோன பிறகு, வானத்தைத் துழாவிப் பார்க்கச் சொல்லி கரோலினின் கையில் ஒரு கருவி கொடுக்கப்பட்டது. இரண்டு வில்லை பூட்டிய ஒரு குழாய். அந்தக் காலத்தில் ஃபைண்டருக்குப் பாவிக்கிற மாதிரியான சாமான் எண்டு அவரே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அண்ணனுக்குப் பெரிய ஆடி, தங்கச்சிக்கு ஃபைண்டர்.

அந்தச் சின்னக் குழாய் செய்த வேலையைப் பாருங்கள். 1783 பெப்ரவரி 26ஆம் திகதி, பெருநாய்க் கூட்டத்தில் மெசியேயின் பட்டியலில் இல்லாத ஒரு நட்சத்திரக் கொத்தைக் கரோலின் கண்டார். இன்றைக்கு அது என்.ஜி.சி. 2360. அந்த வருடமே வில்லியம் அவருக்கு 2 பாகைக்கு மேல் காட்டும் ஒரு சிறிய ஆடித் தொலைகாட்டியைச் செய்து கொடுத்தார். செப்டெம்பர் 23ஆம் திகதி அவர் கண்டது என்.ஜி.சி. 253 என்ற பெரிய கலக்சி. இங்கிலாந்தில் அது அடிவானத்திலிருந்து 13 பாகைக்கு மேல் எழும்பாது. எங்கட நாட்டில் 55 பாகைக்கும் மேலே வரும். புகாரும் மரக்கிளையும் மறைக்கிற அந்த உயரத்தில் அவர் அதைப் பிடித்தார்.

தங்கச்சி சின்னக் குழாயால் இவ்வளவு காண்கிறார் எண்டால் வானத்தில் இன்னும் எவ்வளவு கிடக்கும்! வில்லியம் தன்னுடைய பெரிய துழாவலைத் தொடங்கியதற்கு இதுவே தூண்டுதல் எண்டு வானியல் வரலாற்றாசிரியர் மைக்கேல் ஹொஸ்கின் எடுத்துக் காட்டியிருக்கிறார். 1783 ஒக்டோபரில் அவர் 20 அடித் தொலைகாட்டியால் ஆரம்பித்தார். கரோலின் குழாயை வைத்துவிட்டு மேசைக்குப் போனார். இருட்டுக்குப் பழகின கண் வெளிச்சத்தைப் பார்த்தால் கெட்டுப்போகும். ஆகவே அண்ணன் மேலே இருந்து சொல்லச் சொல்ல, தங்கச்சி மணிக்கூட்டையும் நட்சத்திரப் பட்டியலையும் பார்த்து எழுதினார். அந்த வருடக் கடைசி இரவு, பனியில் சறுக்கி விழுந்து தொலைகாட்டியின் இரும்புக் கொக்கி தொடையில் ஏறியது. அதற்குப் பிறகும் எழுதினார். 1802க்குள் மூன்று பட்டியல்களாக 2500 பொருட்கள் வெளிவந்தன. அட்டையில் ஒரு பெயர்தான்.

திரும்பவும் அவர் வானத்தைப் பார்க்க அண்ணன் வெளியூர் போகவேண்டியிருந்தது. 1786 ஓகஸ்ட் 1ஆம் திகதி, வில்லியம் ஜேர்மனிக்குப் போயிருந்த நேரம், கரோலின் ஒரு வால்வெள்ளியைக் கண்டார். அடுத்த நாள் அது நகர்ந்திருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டு றோயல் சொசைட்டியின் செயலாளருக்குக் கடிதம் எழுதினார். 1797 வரை எட்டு வால்வெள்ளிகள். 1787இல் மன்னர் வருடத்துக்கு 50 பவுண் சம்பளம் கொடுத்தார். தன் இஷ்டத்துக்குச் செலவழிக்கக்கூடிய முதல் காசு அதுதான் எண்டு அவர் எழுதினார். அப்ப அவருக்கு 37 வயது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். மன்னர் 4000 பவுண் கொடுக்க, 48 அங்குல ஆடியோடு 1789இல் 40 அடித் தொலைகாட்டி எழும்பியது. ஊரெல்லாம் வந்து பார்த்தது. ஆனால் அதைத் திருப்புவதும் பராமரிப்பதும் பெரும்பாடு. வில்லியமே கூடுதலாக 20 அடித் தொலைகாட்டியைத்தான் பாவித்தார். பெரிசு இருந்தால் போதாது; அதைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

எங்கட வாக்குவாதம் இதோடு முடிந்தது எண்டு சொல்லலாம். ஆனால் பெரிய ஃபைண்டர் எண்டால் எவ்வளவு பெரிசு? கணக்குப் பார்த்தோம். 80 மி.மீ. வில்லை 30 மி.மீ. வில்லையை விட ஏழு மடங்கு ஒளியை வாங்கும், 50 மி.மீ. வில்லையை விட இரண்டரை மடங்கு. 400 மி.மீ. குவியத்தூரம் உள்ள 80 மி.மீ. குழாயில் 25 மி.மீ. பார்வைத்துண்டைப் போட்டால் 16 மடங்கு. வெளியில் வரும் ஒளிக்கற்றை 80ஐ 16ஆல் பிரிக்க 5 மி.மீ. இளம் ஆக்களின் கண்மணி இருட்டில் ஏறக்குறைய 7 மி.மீ. விரியும். ஆகவே ஒளி வீணாகாது.

நட்டமும் இருக்கு. 30 மி.மீ. குழாயில் 7 பாகை தெரிந்த இடத்தில் இதில் 3 பாகைதான். அந்த 3 பாகைக்குள் வரவே இன்னொரு துணை வேணும். 1970களின் கடைசியில் ஸ்டீவ் கஃபெல்ட் செய்த டெல்ராட் அப்படியானது. ஒன்றையும் பெருக்காது, வானத்தின் மேல் அரை, 2, 4 பாகைச் சிவப்பு வட்டங்களைப் போட்டுக் காட்டும். நகர வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்கு நட்சத்திரமே தெரியாத இடத்தில் அது மட்டும் போதாது. அங்கேதான் பெரிய வில்லை கைகொடுக்கும். அடுத்தது பாரம். டொப்சோனியனை உருவாக்கிய ஜோன் டொப்சன் ராமகிருஷ்ண மடத்தில் துறவியாக இருந்தவர். தெருவில் போகிற சனத்துக்கு வானம் காட்டவே அதை எளிமையாகச் செய்தார். அது வெறும் எடைச் சமநிலையில் நிற்கிற சாமான். மேல்முனையில் ஒரு கிலோ ஏற்றினால் மூக்குக் குத்தும். கீழ்முனையில் எதிர்ப்பாரம் கட்டவேணும். மூன்றாவது கழுத்து. நேராகப் பார்க்கிற குழாயில் தலைக்கு மேலே உள்ளதைப் பார்க்க முழங்காலில் நிற்கவேண்டும். செங்கோணத்தில் திருப்பி, படத்தையும் நிமிர்த்திக் காட்டும் அரியம் உள்ளதை எடுத்தால், வரைபடமும் வானமும் ஒரே மாதிரி இருக்கும்.

கடைசியில் 80 மி.மீ. குழாய் ஒன்றைப் பாவித்த விலைக்கு வாங்கிப் பூட்டினோம். ஆடியின் பக்கம் மண் நிரப்பிய ஒரு போத்தலைக் கட்டினோம்.

பெப்ரவரியில் மழை விட்டிருந்தது. சிரியஸை ஃபைண்டருக்குள் வைத்து, கிழக்கே ஏறக்குறைய 8 பாகை நகர்த்தினோம். ஒரு மங்கலான புகைப்பொட்டு. பெரிய பார்வைத்துண்டில் கண்ணை வைத்தபோது அது தூள் தூளாக நட்சத்திரங்கள். போனமுறை பாதியில் போன தங்கச்சி ஒருத்திதான் முதலில் பார்த்தாள். வில்லியமின் பட்டியலில் அது ஏழாம் வகுப்பின் 12ஆவது பொருள். தங்கச்சி கண்டது எண்டு அவர் குறித்துத்தான் வைத்தார். இருந்தாலும் இலக்கம் அண்ணனுடையது. வரிசையில் நின்றவர்களுக்கு நாங்கள் இலக்கம் சொல்லவில்லை. கரோலினின் கொத்து எண்டுதான் சொன்னோம்.